கைத்துப்பாக்கிக்கான தோட்டாத் தேர்வு

அமெரிக்காவில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவோர் பலரின் கவனம் விளக்கு, குறிகாட்டி, கைப்பிடி போன்ற துணைக்கருவிகளின் மீதே முதலில் செல்கிறது. அவை இல்லாமலும் துப்பாக்கி இயங்கும். பொருந்தாத தோட்டாவோ துப்பாக்கியையும் சுடுபவரின் கையையும் சிதைக்கக்கூடும்.

உறை, தீமூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலில் பொறித்துள்ள பெயரும் தோட்டாப் பெட்டியிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "9 மி.மீ." என்பது மட்டும் போதாது. கியோர்க் லூகர் வடிவமைத்த பாரபெல்லம் தோட்டாவின் உறை 19 மி.மீ. நீளமுடையது, சோவியத் மக்காரொவ் தோட்டாவின் உறை 18 மி.மீ. மட்டுமே. மக்காரொவ் குண்டின் விட்டம் உண்மையில் ஏறத்தாழ 9.27 மி.மீ. ஆகும்! ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

குண்டின் எடை கிரெயின் அலகில் குறிக்கப்படுகிறது. பாரபெல்லத்தில் 115, 124, 147 கிரெயின் குண்டுகள் பரவலானவை. 115 கிரெயின் ஏறத்தாழ 7.45 கிராம். பெட்டியில் "+பி" என்றிருந்தால் அழுத்தம் கூடிய தோட்டா என்று பொருள். துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

முழு உலோகப் போர்வையுள்ள குண்டு விலை குறைவு, பயிற்சிக்கு ஏற்றது. துளைமுனைக் குண்டு உடலில் பட்டதும் விரிவதால், ஊடுருவி வெளியேறி அப்பால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைகிறது. அதனால் காவல்துறையினரும் தற்காப்புக்காக வைத்திருப்போரும் இதை விரும்புகின்றனர். ஆனால் போரில் விரியும் குண்டுகளை 1899 ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச்சாலையில் உருவானதால் "டம்டம்" எனப் பெயர்பெற்ற குண்டுகளும் இவ்வகையே.

சில துப்பாக்கிகளில் துளைமுனைத் தோட்டா சிக்கிக்கொள்வதுண்டு. எனவே தற்காப்புக்குத் தேர்ந்த தோட்டாவையும் பயிற்சித் திடலில் சுட்டுப் பார்ப்பது அவசியம்.