மரக்கால் 'சி'யும் பச்சை மையும்

சத்தம் போடாமல் வாருங்கள், எட்டிப் பார்ப்போம். முதல் உலகப் போர்க் காலம். லண்டன் ஒயிட்ஹால் கோர்ட் கட்டடத்தின் உச்சி. பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத் துறை ஒளிந்திருக்கும் இடம் இதுதான். திடீரென்று கடகட சத்தம்! ஒற்றைக் கண்ணாடி அணிந்த குண்டு மனிதர் ஒருவர், குழந்தைகள் ஓட்டும் ஸ்கூட்டரில் மரக்காலை ஊன்றி, நல்ல காலால் உந்திக்கொண்டு பறக்கிறார். பயப்படாதீர்கள், அவர்தான் தலைவர் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

மான்ஸ்ஃபீல்ட் கம்மிங். பிறந்தது 1859 ஏப்ரல் 1. (சத்தியமாகத்தான் சொல்கிறேன்!) கடற்படை அதிகாரி; ஆனால் கப்பல் ஆடினால் குமட்டும். அதனால் கரையோர வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு 1909 ஆகஸ்டில் கடிதம் வருகிறது: அந்த வேலை சலித்திருக்குமே, புதிதாக ஒன்று இருக்கிறது, வருகிறீரா? அக்டோபரில் ஆபீஸ் போனார். அன்றைய டைரிக் குறிப்பு என்ன தெரியுமா? நாளெல்லாம் உட்கார்ந்திருந்தும் யாரும் வரவில்லை, செய்ய வேலையும் இல்லை! பின்னாளில் எம்.ஐ.6 ஆன துறையின் பிள்ளையார் சுழி இப்படி விழுந்தது.

மனிதருக்கோ வேகப் பைத்தியம். கார், மோட்டார் படகு எல்லாம் போதாமல், 54 வயதில் விமானம் ஓட்டவும் சான்றிதழ் வாங்கினார். வேஷம் போடுவதென்றால் கொள்ளைப் பிரியம். நாடக ஒப்பனைக்காரர் கிளார்க்சனிடம் போய் ஜெர்மானியராக மாறி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் தீபாவளிச் சட்டையைக் காட்டும் பையன் மாதிரி அதைக் காட்டி, யார் இவர் என்று கேட்பாராம்.

கால் போன கதை மட்டும் சிரிப்பதற்கில்லை. 1914 அக்டோபரில் பிரான்ஸில் கார் விபத்து. மகன் அலஸ்டைர் இறந்துபோனார். மகனிடம் ஊர்ந்து போக, சிக்கிய காலைப் பேனாக்கத்தியால் தானே அறுத்துக்கொண்டார் என்று ஒரு வதந்தி உண்டு. உண்மையில், மறுநாள் மருத்துவர்கள்தான் இடது பாதத்தை எடுத்தார்கள். அந்த மரக்காலையும் அவர் சும்மா விடவில்லை. வேலை கேட்டு வந்தவர் எதிரே பேசிக்கொண்டே பேன்டோடு சேர்த்துக் காலில் கத்தியைச் சொருகுவாராம். பதறினால் வேலை கிடையாது!

பச்சை மையில் 'சி' என்று மட்டும் கையெழுத்துப் போடுவார். அவருக்குப் பின் வந்த தலைவர்கள் எல்லோருமே 'சி'தான், பச்சை மைதான். 2025 அக்டோபரில் பொறுப்பேற்ற முதல் பெண் தலைவர் பிளேஸ் மெட்ரவெலி உட்பட. அப்படி ஒரு துறை இருப்பதையே 1994-ல்தான் சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

போர்க் காலத்தில் இவரிடம் வேலை பார்த்த எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி, 1932-ல் நினைவுக் குறிப்புகளில் இந்த 'சி' ரகசியத்தைப் போட்டு உடைத்தார். கம்மிங் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வழக்குப் போட்டு 100 பவுண்டு அபராதம் விதித்தார்கள். மெக்கன்சி விடுவாரா? மறு வருஷமே உளவுத் துறையைக் கிண்டலடித்து ஒரு நாவலையே எழுதித் தள்ளிவிட்டார்.