சங்கிலி இல்லாத அடிமைத்தனம்: 'பரதேசி' எழுப்பும் மூன்று கேள்விகள்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். ஜே.ஏ.ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தோட்டம் உட்பட, அங்கே காடு திருத்தித் தேயிலை நட்டவர்களில் நம் முன்னோரும் உண்டு. அவர்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை நினைக்கவைக்கும் படம், பாலா இயக்கி 2013-இல் வெளிவந்த 'பரதேசி'. பி.எச்.டேனியல் 1969-இல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவியது. அந்த நாவல் தமிழ்நாட்டின் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியது.

கதை 1939-இல் தொடங்குகிறது. பஞ்சத்தில் வாடும் கிராமத்துக்குக் கங்காணி வருகிறான். நல்ல கூலி, வீடு என்று ஆசை காட்டுகிறான். மக்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், கூலியெல்லாம் கடனுக்கே சரியாகிவிடுகிறது. தப்பி ஓடிய ராசாவின் கால் நரம்பை வெட்டிவிடுகிறார்கள். பிரிட்டன் 1833-இலேயே அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிவிட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகு, சங்கிலியின் வேலையைக் கணக்குப் புத்தகம் செய்தது.

முதல் கேள்வி நன்னெறி பற்றியது. கங்காணி அந்நியன் அல்ல. நம் மொழி பேசுபவன். ஆனால் அவன் பிழைப்பு, எத்தனை பேரைக் கொண்டுவருகிறான் என்பதில் இருக்கிறது. தன் இலாபத்துக்காகத் தன் மக்களையே ஏமாற்றுபவனின் குற்றம், முதலாளியின் குற்றத்தைவிடச் சிறியதா?

இரண்டாவது, சமயம். கொள்ளைநோயில் மக்கள் சாகும்போது, படத்தில் வரும் மருத்துவர் மதமாற்றத்தில் முனைப்பாக இருக்கிறார். நாவலின் மருத்துவரோ தொழிலாளர் பக்கம் நிற்பவர். டேனியலும் தோட்ட மருத்துவராக இருந்து, தொழிலாளர்கள் சங்கமாக ஒன்றுசேரப் பாடுபட்டவர். இந்த மாற்றத்தைப் பலர் குறை கூறினர். எந்தச் சமயமானாலும், துன்பப்படுபவனுக்கு அது என்ன செய்தது என்பதே சரியான அளவுகோல்.

மூன்றாவது, நீதி. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. இந்திய அரசு 1938-இல் தடை விதித்த பிறகே அந்த ஆள்சேர்ப்பு நின்றது. ஒரு கதவு மூடப்பட்டால் சுரண்டல் வேறு கதவைத் தேடும். சட்டம் விழிப்பாக இருக்க வேண்டும்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஏமாற்றி அழைத்து வருதல், அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தல், கடனால் கட்டிவைத்தல் ஆகியவை கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்கிறது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு. நம் நாட்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் கட்டாய உழைப்பு குற்றமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

மாணவர்களே, ராசாவுக்காகக் கண்ணீர் விடுவது எளிது, அவன் நம்மவன். உங்கள் வட்டாரத்துக் கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியின் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது? அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.