ஊசி முனைப் பாடல்கள் – 17: இரண்டு வேகத்தில் ஓர் ஆஷா

நம் பாடகி ஆஷா போஸ்லேயைப் போற்றி இங்கிலாந்தில் ஒரு பாட்டு எழுதினார்கள், அது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது என்றால் நம்பக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். 1998 பிப்ரவரி கடைசி வாரத்தில் அது நடந்தது. பாட்டின் பெயர் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'. பாடிய குழு கார்னர்ஷாப். அது முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது எதைத் தெரியுமா? 'டைட்டானிக்' படத்துக்காக செலின் டியான் பாடிய பாட்டை. ஊர் உலகமெல்லாம் அந்தக் கப்பலுக்காக அழுதுகொண்டிருந்த நேரம் அது.

ஆட்டப் பாட்டுகளின் தட்டில் 'கிளப் மிக்ஸ்', 'ரேடியோ எடிட்', 'டப்' என்று ஒரே பாட்டுக்கு நான்கைந்து உருவங்கள் ஏன் என்று போன வாரம் பார்த்தோம். அவற்றில் வானொலியில் ஓடி வெற்றி பெற்றது எது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கலே. அதற்கு இந்த ஆஷாவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கார்னர்ஷாப்பை நடத்தியவர் டிஜிந்தர் சிங், பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை. தெற்காசியர் என்றாலே தெருமுனையில் கடை வைத்திருப்பவர் என்று பிரிட்டனில் ஓர் ஏளனம் உண்டு. அதையே எடுத்துப் பெயராக மாட்டிக்கொண்ட குழு இது. பாட்டும் அதே குறும்புதான். ஆஷாவோடு லதா, முகமது ரஃபி, ஆல் இந்தியா ரேடியோ, ஜமைக்கா இசைக்குப் பேர்போன டிரோஜன் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு தட்டு வெறியரின் அலமாரியே அதில் வரிசையாக வரும். 45 சுற்றுத் தட்டின் மீதான காதல் பாட்டு என்றே சொல்லலாம்.

முதலில் வந்த உருவம் நிதானமானது. கிதார் சாவகாசமாக நடக்கும். டிஜிந்தர் பாடுகிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாரா என்று தோன்றும். 1997 ஆகஸ்டில் சிங்கிளாக வந்து 60ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. தோல்வி என்று சொல்லிவிடவும் முடியாது. பிபிசி ரேடியோ 1இல் ஜான் பீல் ஆண்டுதோறும் நேயர்களை வாக்களிக்கச் சொல்லி ஐம்பது பாட்டுகளின் பட்டியல் போடுவார். 1997 பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அமெரிக்காவிலும் மாடர்ன் ராக் வகை வானொலி நிலையங்கள் இந்த மெதுவான பாட்டையே ஒலிபரப்பின. அங்கே 'ஸ்பின்' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தைத்தான்.

பிறகு பாட்டு நார்மன் குக் கைக்குப் போனது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் நமக்குத் தெரிந்தவர். அவர் பாட்டின் வேகத்தைக் கூட்டினார், கனமான டிரம்ஸை அடியில் போட்டார், கிதார் துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஓடும் தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டால் குரலின் சுருதியும் கூடவே ஏறுமில்லையா, அந்த விளைவை அவர் மறைக்கவில்லை. ரீமிக்ஸில் டிஜிந்தர் அசலைவிட ஒரு கட்டை ஏறியவர்போல், இன்னும் இளையவராக ஒலிக்கிறார். அடையாளம் காண்பதற்கு எனக்கு உதவுவது இந்தக் குரல்தான். டிரம்ஸை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஏறின குரல் பொய் சொல்லாது.

காதை ஏன் நம்பச் சொல்கிறேன் என்றால், மற்ற தடயங்கள் எல்லாமே காலை வாரிவிடும். வீடியோவைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அறை நிறையத் தட்டுகளோடு ஒரு பெண் இருக்கும் அதே காட்சிகளை வெட்டி ஒட்டித்தான் ரீமிக்ஸுக்கும் போட்டார்கள். ஆல்பத்தில் தேடினால் அசல் மட்டும்தான் கிடைக்கும். 1998இல் வானொலியில் கேட்டு மயங்கிக் கடைக்குப் போய் ஆல்பத்தை வாங்கியவர், வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்து, பிளேயரில் ஏதோ கோளாறு என்றுகூட நினைத்திருக்கலாம். 'நார்மன் குக் ரீமிக்ஸ்' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் போதாது. அதிலேயே எட்டு நிமிடத்தைத் தாண்டும் நீள வடிவம் ஒன்று உண்டு. டிஜே அடுத்த பாட்டோடு தாளம் சேர்த்துக்கொள்ள இடம்விட்டு, கிளப்புக்காகச் செய்தது. வானொலிக்கு அவ்வளவு பொறுமை ஏது? நான்கு நிமிடச் சுருக்கம்தான் அங்கே ஓடியது.

ஆக, பிரிட்டனில் 1998இல் கேட்டவருக்கு வானொலி வெற்றி என்பது குக்கின் அந்தச் சுருக்க வடிவம். 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி நகரமொன்றில் காரோட்டியபடி கேட்டவருக்கு டிஜிந்தரின் நிதானப் பாட்டு. இருவரும் சண்டை போட்டால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 'ஹிட் ஆனது எது' என்று யாராவது கேட்டால், 'நீங்கள் எந்த ஊரில், எந்த வருஷம் கேட்டீர்கள்' என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

என் ஓட்டு? ஆடுவதற்கு குக். ஆனால் பாட்டில் வரும் பெயர்கள் ஒவ்வொன்றும் காதில் தங்குவது அசலில்தான். ரீமிக்ஸுக்குக் குதித்தவர்களில் பாதிப் பேருக்கு ஆஷா யார் என்று தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

முதலிடம் ஒரே வாரம்தான். அடுத்த வாரம் மடோனா வந்துவிட்டார். மார்ச்சில் இன்னொரு ரீமிக்ஸ் மேலேறி ஆறு வாரம் அசையாமல் உட்கார்ந்தது. வெளியான பாட்டையெல்லாம் முதலிடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவையே இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. 1983இல் ரன் டிஎம்சி என்ற ராப் குழு பாடிய பாட்டை ஜேசன் நெவின்ஸ் புதுப்பித்த கதை அது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.