வீட்டிலேயே ஒரு நூல் செய்வோம்

குழந்தைகளுக்கு நல்ல நூல்களை வாங்கித் தருவது நன்று. அவர்களோடு அமர்ந்து நூலொன்றை உருவாக்குவது அதனினும் நன்று. எட்டுப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்துக்கு ஒரு படம் என்ற அளவே போதும். அச்சகமும் ஓவியரும் இன்றி இதனை இல்லத்திலேயே செய்து முடிக்கக் கணினி துணைபுரிகின்றது. ஆயினும், அந்நூலில் எத்தகைய படங்கள் இடம்பெற வேண்டும் என்பதை நாம் முதலில் சிந்தித்தல் நலம்.

படம் வெறும் அலங்காரம் அன்று

எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குப் படம் ஓர் ஊன்றுகோல். சொல் பிடிபடாதபோது கண் படத்தை நாடுகின்றது. 'வீடு' என்னும் சொல்லருகே பனி மூடிய கூரையும் புகைபோக்கியும் கொண்ட வீடு இருக்குமாயின், அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர்க் குழந்தை எதைக் கொண்டு அச்சொல்லை ஊகிக்கும்? நூல் என்பது வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணமே அதன் உள்ளத்தில் படியும்.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை இதனை நன்கு உணர்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த பாடநூல்கள் தம் மாணவரின் மனத்தைத் தொடவில்லை என்று கண்ட அவர், அக்குழந்தைகள் கூறிய சொற்களைக் கொண்டே வாசிப்பு ஏடுகளை எழுதி, தாமே படமும் வரைந்தார். அவ்வனுபவத்தை அவர் 1963ஆம் ஆண்டு 'டீச்சர்' என்ற நூலாக வெளியிட்டார்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இப்பாடத்தைக் கற்க நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத்தும், ஊர்தோறும் முன்வந்த தொண்டர்களும் இணைந்து அதனை மக்கள் இயக்கமாக்கினர். கல் குவாரிகளில் உழைத்த பெண்களும், வயல்வெளிகளில் கூலி வேலை செய்த பெண்களும் மாலை வேளைகளில் எழுத்துக் கற்றனர். அதனோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தவாறு புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் வந்ததைச் செய்தியாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

அன்று இருபத்தைந்து வயதில் பெயரெழுதக் கற்ற பெண் இன்று அறுபதை நெருங்கிய பாட்டி. கற்ற எழுத்து பழகப் பழக வளரும்; படிக்க ஏற்ற நூல் கைக்கு எட்டாதபோது மெல்ல மங்கும். நாளிதழின் எழுத்து அவருக்குப் பொடி. பெரிய நூலோ மலைப்பு. பெரிய எழுத்தில், தம் வாழ்வையே சொல்லும் எட்டுப் பக்க நூல் கிடைத்தால் அவர் மகிழ்ந்து படிப்பார் அன்றோ? படிக்கத் தொடங்கும் பேரக்குழந்தைக்கும் அதே நூல் பொருந்தும். ஆதலால் நம் முதல் நூலின் தலைப்பு 'பாட்டியின் சைக்கிள்' என்றே இருக்கட்டும்.

வட்டமும் கோடும் போதும்

2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அது இயங்குமாயின் இப்பணிக்குப் போதும். 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவசத் தொகுப்பில் 'டிரா' என்னும் வரைகலைப் பகுதி உண்டு. வட்டம், கட்டம், முக்கோணம், கோடு, வளைகோடு ஆகியவை அதில் ஆயத்தமாக உள்ளன.

முதலில் சைக்கிளை வரைவோம். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் பிசகாத வட்டம் கிடைக்கும். அதனை நகலெடுத்தால் இரண்டாம் சக்கரம் ஆயிற்று. ஐந்தாறு கோடுகள் சட்டமாகும். ஒரு வளைகோடு கைப்பிடியாகும். அனைத்தையும் தேர்ந்தெடுத்து 'குரூப்' கட்டளை கொடுத்தால் முழுச் சைக்கிளும் ஒரே பொருளாகிவிடும். பிறகு அதனைச் சாய்க்கலாம், சிறிதாக்கலாம், எப்பக்கத்திலும் வைக்கலாம். பனைமரத்துக்கு ஒரு நெடிய கட்டமும், நகலெடுத்துச் சுழற்றி அடுக்கிய முக்கோணங்களும் போதும். குடத்துக்கு ஒரு நீள்வட்டமும் கழுத்தாக ஒரு சிறு கட்டமும் வேண்டும்.

எளிய கோட்டுருவம் தாழ்ந்தது என எண்ணற்க. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன், பறவை, எருமை, யானை யாவும் தெளிந்த கோடுகளாலும் சில வண்ணங்களாலும் ஆனவை. பல நூற்றாண்டு கடந்தும் அவை நம்மோடு பேசுகின்றன.

எட்டுப் பக்கங்கள்

நூலின் அமைப்பை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்:

1. அட்டை: தலைப்பும் சைக்கிளும்.
2. 'பாட்டிக்கு அப்போது எழுதத் தெரியாது.' படம்: வெற்றுச் சிலேட்டு.
3. 'பாட்டி கல் உடைத்தார்.' படம்: கற்குவியலும் சுத்தியலும்.
4. 'மாலையில் வகுப்புக்குப் போனார்.' படம்: விளக்கு.
5. 'தம் பெயரை எழுதினார்.' படம்: அதே சிலேட்டு, அதில் பாட்டியின் கையெழுத்து.
6. 'சைக்கிள் பழகினார்; விழுந்தார்; எழுந்தார்.' படம்: சாய்ந்த சைக்கிள்.
7. 'சைக்கிளில் தண்ணீர் கொண்டு வந்தார்.' படம்: சைக்கிளும் குடமும்.
8. 'இன்று நாங்கள் சேர்ந்து படிக்கிறோம்.' படம்: விரித்த நூல்.

ஒரே சைக்கிள் மூன்று இடங்களில் பயன்படுவதைக் காண்க. ஐந்தாம் பக்கத்துக் கையெழுத்தைத் தாளில் பெற்று, கைப்பேசியில் படம்பிடித்துச் சேர்க்கலாம். வாக்கியங்களைப் பாட்டியிடம் கேட்டுக் குழந்தையே சொல்லட்டும். அவர்களுடைய வாழ்வுக்கேற்ப அவை மாறட்டும். எழுத்து 24 புள்ளி அளவுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். நெடில் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு தெளிவாகத் தெரியும் எழுத்துருவைத் தேர்க. எகர ஏகாரங்களைக் கண்ணால் பிரித்தறிய வழிசெய்த வீரமாமுனிவர் இம்மாவட்டத்து ஆவூரில் பணியாற்றியவர் என்பதையும் அப்போது குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

ஆயத்தப் படங்கள்

'கிளிப் ஆர்ட்' எனப்படும் ஆயத்தப் படங்களை முற்றிலும் தள்ள வேண்டுவதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் கிளிப் ஆர்ட் தொகுப்பை 2014 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 2004ஆம் ஆண்டு தொடங்கிய 'ஓப்பன் கிளிப்பார்ட்' தளத்தின் படங்களை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். பிரதம் புக்ஸ் 2015ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளும், நம் நாட்டு ஓவியர் வரைந்த படங்களும் நிறைய உண்டு. ஓவியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் வெளியிடுவதே அங்குள்ள நிபந்தனை.

இணையத்தில் தென்பட்ட படத்தையெல்லாம் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. படம் வரைந்தவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில் குழந்தையையே எழுதச் சொல்க. பிறர் உழைப்பை மதிக்கும் பண்பு அவ்விடத்தில் வேரூன்றும்.

ஆயத்தப் படத்தை அப்படியே ஒட்டாமல், நம் ஊருக்கு ஏற்பத் திருத்தவும் கூடும். எஸ்.வி.ஜி. வகைக் கோப்பைப் பகுதிகளாகப் பிரித்து, புகைபோக்கியை நீக்கி ஓட்டுக் கூரை அமைக்கலாம். தடித்த கோட்டுப் படமும் வண்ணப் புகைப்படமும் ஒரே நூலில் கலவாதிருத்தல் அழகு. சொன்னதும் படம் வரைந்து தரும் செயலிகளும் இன்று வந்துவிட்டன. ஆனால் குழந்தையின் கோணல் வட்டத்தில் உள்ள உரிமை உணர்வை அவற்றால் தர இயலாது.

அச்சிடுதலும் தைத்தலும்

ஏ4 தாள் இரண்டை நடுவே மடித்தால் எட்டுப் பக்கங்கள். அச்சிடும்போது 'புரோஷர்' என்ற தெரிவைக் கொடுத்தால் கணினியே பக்கங்களை ஒழுங்குபடுத்தும். கையால் அடுக்குவோர், முதல் தாளின் ஒருபுறம் 8, 1. மறுபுறம் 2, 7 எனவும், இரண்டாம் தாளில் 6, 3. 4, 5 எனவும் அமைக்க. மெல்லிய சாம்பல் நிறம் ஜெராக்ஸில் திட்டுத்திட்டாக விழும். ஆகவே கறுப்புக் கோடுகளே சிறந்தவை. வண்ணம் தீட்டும் மகிழ்ச்சியைக் குழந்தைகளின் கைக்கு விட்டுவிடுவோம். நடு மடிப்பில் ஊசி நூலால் மூன்று தையல் போட்டால் நூல் நெடுநாள் உழைக்கும்.

கணினி இல்லாத இல்லங்கள் உண்டு. பங்கின் இளைஞர்கள் ஞாயிறு மாலைகளில் மறைக்கல்விக் கூடத்தில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, அக்குடும்பங்களுக்குத் துணைநிற்கலாம். பத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு நூல் செய்தால், ஊருக்குப் பத்து நூல்கள் கொண்ட சிறு நூலகம் ஆயிற்று.

பெற்றோரே, வரும் விடுமுறையில் இம்முயற்சியை மேற்கொள்ளுங்கள். தன் ஊரும் தன் பாட்டியும் நூலில் இடம்பெறத் தக்கவர் என்று அறியும் குழந்தை, படிப்பைத் தன் உடைமையாகக் கருதும். எழுத்து மறந்துவரும் பாட்டிக்கோ, தம் கதையைத் தாமே படிக்கும் பேறு மீண்டும் கிட்டும்.