வாள் எடுத்த வண்ணாரப்பேட்டைப் பெண்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்று உங்கள் வீட்டுக் கொலுவில் இருக்கலாம். உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்துதானே துடைத்து வைக்கிறீர்கள்? ஆனால் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் பியூஸைத் தாங்கி நிற்கிறதே பீங்கான், அதுவும் அந்த ஊர்ப் பட்டறைகளில் செய்வதுதான். இரண்டும் சூளை நெருப்பில் வெந்தவை. நம் பெண்களில் மட்டும் ஏனோ பொம்மையையே பார்க்கிறோம்!

1936-ல் ஜெர்மனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தரையில் சறுக்கி ஆட ஜப்பானிலிருந்து வந்தாள் எட்ஸுகோ இனாடா. வயது 12. கிடைத்தது பத்தாவது இடம். ஆனாலும் அவள் நாட்டுப் பெண்களுக்கு வழி திறந்துவிட்டது.

நம் ஊரில் அப்படி வழி திறந்தவர், சென்னை வண்ணாரப்பேட்டை பவானி தேவி. தகப்பனார் அர்ச்சகர், தாயார் ரமணி இல்லத்தரசி. 2004-ல் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் ஆள் சேர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது வாள்வீச்சு ஒன்றுதான்!

வெட்டுப் பட்டதும் விளக்கு எரியச் செய்யும் மின்சார வாளுக்கு விலை அதிகம். ஆகவே பயிற்சிக்கு மூங்கில் கழி. வாள் போட்டிக்கு மட்டும். செலவுக்குத் தாயாரின் நகைகள் அடகுக்குப் போயின. 2007-ல் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. மூன்று நிமிஷம் தாமதமாக வந்தார் என்று கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்!

அத்தோடு வாளைப் பரணில் போட்டுவிடவில்லை. தலைச்சேரியில் பயின்றார், பிறகு இத்தாலியில் பயின்றார். 2019-ல் தகப்பனார் காலமானார். 2021 ஜூலை 26-ந் தேதி டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். டுனீஷியாவின் நாடியா பென் அஸிஸியை 15–3 என்று வென்றார். அடுத்து பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7–15 என்று தோற்றார்.

கதை அங்கே முடியவில்லை. 2023-ல் சீனாவில் நடந்த ஆசியப் போட்டியில் எதிரே நின்றவர், உலகச் சாம்பியனான ஜப்பானின் மிஸாகி எமுரா. பவானி 15–10 என்று வென்றார்! அந்தப் போட்டிகளில் இந்தியாவுக்கு முதல் பதக்கமும் அப்போதுதான் கிடைத்தது, வெண்கலம்.

பெயரே கேள்விப்படாத ஆட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு உங்கள் மகள் வந்து நின்றால், "நமக்கு எதற்கடி இதெல்லாம்?" என்று கேட்காதீர்கள், சகோதரிகளே! "எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள். மூன்று நிமிஷம் முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்!