காலைக் கேட்டு நூல் எடுப்போம்
(முதன்முதலாகக் காலுறை பின்னப் போகும் அம்மாமாருக்கும் அக்கா தங்கச்சிமாருக்கும்)

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் போய் வருவது நாம் அறிந்ததே. அப்படிப் போன ஒரு தடவை, கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் குறிஞ்சிப்பிட்டியையும் பார்த்து வந்தோம். ஊரின் பெயரில் குறிஞ்சி இருக்கிறது. ஆனால் மலை மருந்துக்கும் இல்லை. மணலும் கடல் காற்றும் வலையும்தான்.

அங்கே ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். எம்முடன் வந்த தோட்டத்து அக்கா ஒருவர் அந்த நைலோன் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த நூலுல எம்புள்ளைக்கு சொக்ஸ் பின்னலாங்களா? லேசுல பிய்யாது போல இருக்கே!" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். "மீனப் பார்த்துத்தான் மகள் நூல் எடுக்கிறது. சூடைக்கு ஒரு நூல், சுறாவுக்கு ஒரு நூல். காலுக்கு எந்த நூல் எண்டு காலத்தான் கேக்கணும்" என்றார்.

அந்தப் பேச்சு எங்கள் மனதில் நின்றுவிட்டது. ஏனென்றால், நாங்கள் முதன்முதலாகக் காலுறை பின்னியபோது காலைக் கேட்கவில்லை. கடையில் எது மலிவு, எது பார்க்க அழகு என்றுதான் கேட்டோம்.

நாங்கள் விட்ட பிழை

அப்போது நாங்கள் வாங்கியது கறுப்புக் கொட்டன் நூல். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அழுக்குத் தெரியாது என்று நினைத்தோம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு நூலின் கண்ணி கண்ணுக்கே தெரியவில்லை. விழுந்த கண்ணியைத் தேடுவதிலேயே பாதி நேரம் போனது. ஒரு மாதம் பாடுபட்டு ஜோடியை முடித்தோம். இரண்டாம் தடவை கழுவியதும் காலுறை சப்பாத்துக்குள் சரிந்து உட்கார்ந்தது. மழை நாளில் நனைந்தால் மறுநாள் காலையிலும் காயவில்லை. பிள்ளை ஈரக் காலுறையோடு பள்ளிக்குப் போனாள். ஊசிகள் இறப்புக்குப் போய்விட்டன.

பிழை கையில் இல்லை, நூலில் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. நாள் முழுக்க மலையில் நின்று வந்தவர் தூக்கத்தை விட்டுப் பின்னுகிற ஜோடி அது. அது வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கால் என்ன கேட்கிறது?

கால் நான்கு விஷயம் கேட்கிறது. சூடு வேண்டும். வியர்வையை உறிஞ்ச வேண்டும். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்க வேண்டும். குதிகாலிலும் விரல் நுனியிலும் தேயாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் நூல் தனியாக ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பளி: செம்மறி ஆட்டு உரோமம். இதன் இழை இயற்கையாகவே சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருளுக்குள் காற்று தங்குவதால்தான் சூடு வெளியே போகாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் ஈரம் போலத் தெரியாது. இது நமக்குப் புதுச் செய்தி அல்ல. அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் மழையில் கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் கொழுந்து எடுத்தார்கள். நனைந்தாலும் குளிர் தாங்கும் என்று அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். இதன் குறை, தனிக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகும்.

கொட்டன்: வியர்வையை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் விடாது. காய நேரம் எடுக்கும். நீளும், திரும்பச் சுருங்காது. புத்தளம், சிலாபம் போன்ற வெயில் பக்கத்துக்கு நல்லது. பனி விழும் மலைக்கும், முதல் தடவை பின்னுகிறவர் கைக்கும் நல்லதல்ல.

அக்ரிலிக்: கடைகளில் 'ஊல்' என்று சொல்லி விற்பது பல நேரம் இதுதான். ஆட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது ஒரு வகைப் பிளாஸ்டிக். மலிவு, நிறம் போகாது, கழுவ லேசு. தொப்பி, சால்வைக்குப் பரவாயில்லை. காலுக்குப் போட்டால் வியர்வையை உறிஞ்சாது. றப்பர் பூட்ஸுக்குள் கால் ஊறிப்போகும். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படியில் குளிர் காயும் நம் வீடுகளில் இதை மறக்கக் கூடாது.

நைலோன்: குறிஞ்சிப்பிட்டி அக்கா கேட்ட கேள்வி அப்படியொன்றும் பிழையான கேள்வி அல்ல. 1938இல் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனி நைலோனை உலகுக்கு அறிவித்தது. 1940 மே மாதத்தில் அது அந்த நாடு முழுவதும் பெண்களின் காலுறையாகத்தான் கடைக்கு வந்தது. ஆக, வலை நூலும் காலுறையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் வலைக்கு முறுக்கிய நூல் கடினமானது. காலை அறுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. தனி நைலோன் வேண்டாம். கம்பளியோடு கொஞ்சம் மெல்லிய நைலோன் இழை சேர்ந்தால் குதிகால் தேயாது. அதனால்தான் காலுறைக்கென்றே செய்யும் நூலில் நூற்றுக்கு 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலோன் என்று கலப்பார்கள்.

முதல் ஜோடிக்கு எதை வாங்கலாம்?

நூலின் பருமனை 'ப்ளை' என்றும் 'டபிள் நிட்டிங்' என்றும் சுற்றுத்தாளில் போட்டிருப்பார்கள். காலுறைக்கு வழக்கமானது 4 ப்ளை. இதில் 100 கிராம் ஏறக்குறைய 400 மீற்றர் வரும். பெரியவர் ஒருவரின் ஜோடிக்கு அது போதும். ஆனால் 4 ப்ளை மெல்லியது, கண்ணி அதிகம், பழகாத கை சலித்துப் போகும். ஆகவே முதல் ஜோடியை டபிள் நிட்டிங் பருமனில், சின்னப் பிள்ளையின் காலுக்குப் பின்னுங்கள். சீக்கிரம் முடியும். முடித்த சந்தோஷம் அடுத்த ஜோடிக்குக் கை கொடுக்கும்.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. வெளிர் நிறம் எடுங்கள். கறுப்பு, கடும் நீலம் இரண்டாம் ஜோடிக்கு இருக்கட்டும்.
2. மழமழப்பான, இறுக்கமாக முறுக்கிய நூலாக இருக்கட்டும். பஞ்சு போலப் புசுபுசு என்று இருப்பதில் கண்ணி தெரியாது, பிரித்துப் பின்னவும் முடியாது.
3. ஒரு முழம் நூலை இழுத்து விடுங்கள். திரும்பச் சுருங்கினால் நல்லது.
4. கழுத்துப் பக்கம் வைத்து உரசிப் பாருங்கள். அங்கே அரித்தால் காலிலும் அரிக்கும்.
5. 50 கிராம் உருண்டை இரண்டை ஒரே சாய இலக்கத்தில் ஒரேயடியாக வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறிவிடும்.

பழைய சுவீட்டரும் நூல்தான்

"இதெல்லாம் எங்க கிடைக்கும், காசுக்கு எங்க போறது?" என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. நுவரெலியாவில் நடைபாதையிலும் கடைகளிலும் பழைய சுவீட்டர்கள் விற்கிறார்கள். அதில் கம்பளிச் சுவீட்டர் ஒன்று கிடைத்தால், அது பல ஜோடிக்கு நூல். உட்பக்கத் தையலைப் பார்த்து வாங்குங்கள். துண்டு துண்டாகப் பின்னி, பிறகு சேர்த்துத் தைத்ததாக இருந்தால் முழு நூலாகப் பிரியும். வெட்டித் தைத்ததாக இருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். பிரித்த நூலை வளையமாகச் சுற்றி, இளஞ்சூட்டு நீரில் நனைத்துத் தொங்க விட்டால் சுருக்கம் நீங்கும். குதிகாலும் விரலும் பின்னும்போது மட்டும் மெல்லிய நைலோன் தையல் நூலைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். 75க்கு 25 கலப்பின் பலன் அந்த இடத்துக்குக் கிடைத்துவிடும்.

நூல் கம்பளிதானா என்று அறிய ஒரு வழி உண்டு. ஓர் அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாசம் வீசி, தானாக அணைந்து, கையில் பொடியாகும். கொட்டன் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பாக, கல் போலக் கட்டியாகும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். சொட்டு கையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கணக்கு

முதலில் ஒரு சதுரத் துண்டு பின்னி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். பிறகு பாதத்தின் சுற்றளவை அளவுங்கள். பிள்ளையின் பாதம் 6 அங்குலம், அங்குலத்துக்கு 6 கண்ணி என்றால் 36. அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, நான்கால் பிரியும் எண்ணாக 32 கண்ணி போடுங்கள். குறைப்பது ஏன்? காலுறை கொஞ்சம் இழுபட்டு நின்றால்தான் சரியாது. டபிள் நிட்டிங் நூலுக்கு 3.25 மில்லிமீற்றர் ஊசியும், 4 ப்ளைக்கு 2.5 மில்லிமீற்றர் ஊசியும் பொருந்தும். இறுக்கமாகப் பின்னுவதே காலுறைக்கு நல்லது. தளர்வாகப் பின்னினால் எந்த நூலும் சீக்கிரம் தேயும்.

கழுவும்போது

கம்பளி இழையில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பெரியவர் காலுறை பொம்மைக் காலுறையாகிவிடும். பச்சைத் தண்ணீரில் லேசாகச் சவர்க்காரம் போட்டு அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். அடுப்புக்கு மேலே போடாமல் காற்றில் காய விடுங்கள்.

அட்டைக்கு ஆகுமா?

மலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்பீர்கள். ஆகாது. பின்னிய காலுறையில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி உண்டு. அட்டை மெலிந்து நீண்டு அதற்குள்ளே புகுந்துவிடும். அட்டைக்கு நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த உறைதான் தடுப்பு. கம்பளிக் காலுறையை அதற்கு உள்ளே போடலாம். நாம் பின்னுவது பள்ளிப் பிள்ளைக்கும், ராத்திரிக் குளிருக்கும், லயத்தில் கால் விறைத்துப் படுத்திருக்கும் தாத்தா பாட்டிக்கும்தான்.

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இந்தியா போன நம் சொந்தக்காரர் பலர் இன்று நீலகிரி மலையில் இருக்கிறார்கள். அங்கே மெல்லிய கம்பளிக்குப் பேர்போன நீலகிரிச் செம்மறி ஆடுகளே உண்டு. நமக்கு அப்படி ஆடு இல்லை. ஆனால் குளிர் அதே குளிர்தான். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனியில் கொழுந்து கருகுவதை நாம் பார்த்தவர்கள். அந்த நாளில் வெறும் காலோடு சீமெந்துத் தரையில் நடக்கும் பிள்ளைக்கு ஒரு ஜோடி காலுறை சின்ன விஷயம் அல்ல.

குறிஞ்சிப்பிட்டிக்கு எம்மோடு வந்த அக்கா, ஊர் திரும்பியதும் தன் பழைய சுவீட்டர் ஒன்றைப் பிரித்தார். முதல் காலுறை ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "பரவாயில்லைங்க, ராத்திரியில யாரு பாக்கப் போறா? சூடா இருக்குனு புள்ள சொல்றா" என்றார். இப்போது மூன்றாம் ஜோடி ஊசியில் இருக்கிறது.

நீங்களும் தொடங்குங்கள். கடைக்குப் போகுமுன் ஒரு தடவை பிள்ளையின் காலைத் தொட்டுப் பாருங்கள். என்ன நூல் வேண்டும் என்று அதுவே சொல்லும்.