உடலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

புத்தளத்திலிருந்து சிலாபம் வழியாகத் தெற்கே நீளும் கரையோரம் தென்னையின் நாடு. இங்கே தேங்காயைப் போலத் தும்பும் ஒரு செல்வம். பொச்சு மட்டையை நீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பைப் பிரித்து, புரியாக முறுக்கி, பின்னர் புரிகளைச் சேர்த்துக் கயிறாகத் திரிப்பர். ஒற்றைப் புரியை ஒரு சிறுவனும் அறுத்துவிடுவான். மூன்றை ஒன்றாக முறுக்கிவிட்டாலோ, அலையில் ஆடும் வள்ளத்தையே கட்டி நிறுத்தலாம்.

இத்தகைய முப்புரிக் கயிறு ஒவ்வொருவர் உடலிலும் கோடானுகோடி உண்டு. அதன் பெயர் கொலாஜன். அது ஒரு புரதம். எலும்புக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு பிணைப்பதும், பல்லைத் தாடையில் நிறுத்துவதும், ஆறிய புண்ணைத் திறவாமல் காப்பதும் அதுவே. நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான்.

சென்னையில் கண்ட வடிவம்

இக்கயிற்றின் வடிவத்தை உலகுக்கு முதலில் காட்டியவர்கள், கடலுக்கு அப்பால் நமக்கு அண்மையிலுள்ள சென்னையில் இருந்தனர். ஜி. என். இராமச்சந்திரன் 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. அவரும் கோபிநாத் கார்த்தாவும் கங்காருவின் வாலிலுள்ள தசைநாணினூடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, படத்தில் விழுந்த புள்ளிகளைக் கொண்டு உள்ளமைப்பைக் கணித்தனர். 1954 ஆகஸ்ட் மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் அவர்களது கட்டுரை வெளிவந்தது. கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று அது கூறியது. அடுத்த ஆண்டில் தம் மாதிரியைத் தாமே திருத்தி, அச்சங்கிலிகள் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டிருப்பதை எடுத்துக்காட்டினர்.

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலைகள். கொலாஜன் மாலையில் மூன்றாவது மணிதோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய மணி வருகின்றது. முறுக்கிய கயிற்றின் நடுவே அதைவிடப் பெரிய மணிக்கு இடமில்லை.

வடிவம் தெரிந்தது. ஆனால் இன்னொரு வினா எஞ்சி நின்றது. கயிறு பயன்படுவது கலங்களுக்கு வெளியே. அதன் புரிகள் உண்டாவதோ கலத்துக்கு உள்ளே. அப்படியாயின் அதைத் திரிக்கும் முற்றம் எது? அங்கே புரிகள் வழி தவறாமல் சென்று சேர்வது எவ்வாறு?

கலத்துக்குள் ஒரு முற்றம்

கலத்தை ஒரு பை நிறைந்த கூழ் என்று எண்ணிவிடலாகாது. அதற்குள் மடிப்பு மடிப்பாக, மெல்லிய சவ்வினால் ஆன அறைகளின் பெரும் வலை ஒன்று உண்டு. நம் பாடநூல்கள் அதனை அகமுதலுருச் சிறுவலை என்று வழங்குகின்றன. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்பதும் இதுவே. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வழியே இதனை ஆராய்ந்த ஜோர்ஜ் பலாடே, 1950களில் அச்சவ்வின் மேல் மணல் தூவினாற்போல ஒட்டியிருந்த நுண்மணிகளை விவரித்தார். அவையே புரத மாலை கோக்கும் இறைபோசோம்கள். கலத்திலிருந்து வெளியே செல்லவேண்டிய புரதங்கள் முதலில் இவ்வலைக்குள் நுழைந்தே புறப்படுகின்றன என்பதையும் அவர் நிறுவினார். இப்பணிகளுக்காக 1974இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல். சவ்வு எண்ணெய்த் தன்மை உடையது. எண்ணெயும் நீரும் கலவா என்பதைத் தேங்காயெண்ணெய் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அறிவர். நீரை நாடும் பகுதிகள் நிறைந்த புரதம் எண்ணெய்ச் சவ்வை ஊடுருவுவது எங்ஙனம்? மேலும், கலத்துக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உண்டாகின்றன. இது உள்ளே செல்லட்டும், அது வெளியே நிற்கட்டும் என்று தெரிந்தெடுப்பது யார்?

தலையில் எழுதிய முகவரி

நியூயோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் குந்தர் புளோபல் என்னும் ஜெர்மானியரும் டேவிட் சபத்தினியும் 1971இல் ஒரு துணிந்த கருத்தை முன்வைத்தனர். முகவரியை யாரும் வெளியிலிருந்து ஒட்டுவதில்லை; புரதத்தின் தலைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது என்பதே அக்கருத்து. 1975இல் புளோபலும் பேர்ன்ஹார்ட் டொபர்ஸ்டைனும் வெவ்வேறு பிராணிகளிடமிருந்து எடுத்த பகுதிகளை ஒரே சோதனைக் குழாயில் சேர்த்து அதனை மெய்ப்பித்தனர். புரதம் உருவாகும்போதே சவ்வு உடனிருந்தால் அது உள்ளே சென்றது; உருவாகி முடிந்தபின் சவ்வைச் சேர்த்தால் வெளியிலேயே நின்றுவிட்டது.

பின்வந்த ஆராய்ச்சிகள் இவ்வழியை அடியடியாகத் தெளிவாக்கின. மாலையின் முதல் 15 முதல் 30 வரையான மணிகளே முகவரி. அவற்றின் நடுப்பகுதி எண்ணெயை நாடும் மணிகளால் ஆனது. அந்த முனை இறைபோசோமிலிருந்து தலைநீட்டியதும் ஒரு தூதுவன் அதைப் பற்றிக்கொள்கிறான். ஆறு புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ. இழையும் சேர்ந்த துணிக்கை அது. கோக்கும் வேலையைச் சற்றுத் தாமதிக்கச் செய்து, இறைபோசோமையே சிறுவலையின் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. வாயில் என்பது சவ்வில் பதிந்த ஒரு புரதத் துளை. வேலை இல்லாதபோது ஒரு சிறு தக்கை அதை அடைத்திருக்கும். உரிய முகவரி வந்ததும் அது திறக்கும். ஊசிக்காதில் நூலின் முனை புகுவது போல மாலை உள்ளே புகும். மீதி மாலை கோக்கப்படக் கோக்கப்பட உள்ளேயே சென்றுகொண்டிருக்கும். முகவரியின் வேலை முடிந்தமையால் ஒரு நொதியம் அதை வெட்டி அகற்றிவிடும்.

கப்பலோட்டிகள் மடிந்த காரணம்

முற்றத்துக்குள் வந்ததும் கயிறாகிவிடுவதில்லை. கொலாஜன் புரியில் புரோலின் என்னும் மணிகள் பல உண்டு. அவற்றிற் பலவற்றின்மேல் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு சிறு முடிச்சை அங்குள்ள நொதியம் ஒன்று இடவேண்டும். அந்த நொதியத்தின் நெஞ்சில் ஓர் இரும்பு அணு உண்டு. அவ்விரும்பைத் தொழிலுக்கு ஏற்ற நிலையில் வைத்திருப்பது விற்றமின் சி. அது இல்லையேல் முடிச்சு விழாது. முடிச்சு விழாத முப்புரி ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திலேயே முறுக்கவிழ்ந்துவிடும். நம் உடலின் வெப்பமோ 37 பாகை. ஆகவே கயிறு உருவாகாது, உருவாகாத புரியைச் சிறுவலை எளிதில் வெளியே விடாது, பெரும்பாலும் சிதைத்துவிடும்.

கற்பிட்டியில் இன்றும் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையைக் கண்டவர்கள், அந்நாளில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்து வந்த மாலுமிகளை எண்ணிப் பார்க்கலாம். காய்கனி காணாத அத்தகைய பயணங்களில் ஸ்கர்வி என்னும் நோய் கப்பல் கப்பலாக மனிதரைக் கொன்றது. ஈறு வீங்கிக் குருதி கசிந்தது, பல் ஆடியது, பல்லாண்டுகளுக்கு முன் ஆறிய தழும்புகளும் மீண்டும் பிளந்தன. ஒல்லாந்தர் 1652இல் நன்னம்பிக்கை முனையில் தோட்டம் அமைத்ததற்குக் கப்பல்களுக்குப் புதிய காய்கறி வேண்டும் என்பதும் ஒரு காரணம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். பழம் ஏன் காத்தது என்பதை அவர் அறியார். கண்ணுக்குத் தெரியாத ஒரு முற்றத்தில் கயிறு திரிப்பது நின்றுபோனதே அந்நோய் என்று இன்று நாம் அறிவோம்.

குறை உணவில் மட்டும் இருப்பதில்லை; எழுத்திலும் இருக்கலாம். கொலாஜனில் ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய மணி ஒன்று வந்துவிட்டால், சிறு அதிர்ச்சிக்கும் எலும்பு முறியும் குழந்தை பிறக்கக்கூடும். இன்சுலினும் இதே வாயிலால் நுழையும் புரதம். அதன் முகவரிப் பகுதியில் ஓர் எழுத்து பிழைத்தமையால், பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவுக்கு ஆளான குழந்தைகளும் உண்டு. இத்தகைய பிள்ளை பிறந்தால் தாயின் நடத்தையையோ கிரகத்தையோ பழிப்போர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பிழை எவர் குற்றமும் அன்று. ஆயிரம் மணிகளில் ஒன்று மாறிய செய்தி அது. அக்குடும்பத்துக்கு வேண்டியது மருத்துவரின் துணையும் சுற்றத்தின் ஆதரவுமே.

அடுக்களையும் வகுப்பறையும்

நம் தாய்மார் சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிப்புளி விடுவர். கொதிக்கும்போது விட்டால் சுவை கெடும் என்பது அவர்கள் கூறும் காரணம். வெப்பம் விற்றமின் சியை அழிக்கும் என்பதால் அப்பழக்கம் இருமடங்கு நல்லது. வேலியோரத்து நெல்லியும் கொய்யாவும் விலை உயர்ந்த எந்த மருந்துக்கும் இளைத்தவை அல்ல. நம் உடல் இவ்விற்றமினைத் தானே ஆக்கவல்லது அன்று. ஆதலால் அதை நாள்தோறும் உணவிலேயே பெறவேண்டும்.

மாணவர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளல் நன்று. புளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு வந்தது. அப்பரிசுப் பணத்தை அவர், போரில் சிதைந்த திரெஸ்டன் நகரின் தேவாலயத்தையும் யூத ஆலயத்தையும் மீளக் கட்டுவதற்கு வழங்கினார். 2001இல் மறைந்த இராமச்சந்திரனுக்கு அப்பரிசு வரவில்லை. ஆயினும் கொலாஜனைப் பற்றி எந்த நாட்டு மாணவன் படித்தாலும், 1954இல் சென்னையிலிருந்து சென்ற அக்கட்டுரையிலிருந்தே அவன் தொடங்கவேண்டியிருக்கிறது. வடிவத்தை ஒருவர் கண்டார். வழியை மற்றொருவர் கண்டார். பழத்தின் பயனை அவர்களுக்கு முன்பே ஒரு கப்பல் மருத்துவர் கண்டார். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் புரியைப் பிடித்து முறுக்க, அறிவு நீள்கிறது. அடுத்த புரியைப் பிடிக்கும் கை இக்கரையோரத்துப் பள்ளிகளில் ஒன்றிலும் இருக்கலாம்.